மரபணு வரிசைத் தரவைத் திறந்து வைத்தபடியே பலனைப் பகிர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு காட்டுச் செடியின் இலையையோ கிருமியின் மாதிரியையோ எல்லை தாண்டிக் கொண்டுபோக பல நாடுகளில் அனுமதி வாங்க வேண்டும். அதே உயிரின் மரபணு வரிசையை, அதாவது அதன் மரபுப் பொருளின் எழுத்து வரிசையைக் கணினிக் கோப்பாக, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள எதுவும் வேண்டாம். 2013இல் ஹெச்7என்9 பறவைக் காய்ச்சல் வந்தபோது சீனா வெளியிட்ட வரிசையை மட்டும் வைத்து, வைரஸ் மாதிரி கைக்கு வரும் முன்பே, வேறு நாட்டு ஆய்வுக்கூடங்கள் தடுப்பூசிக்கான விதை வைரஸைச் செயற்கையாக உருவாக்கிவிட்டன. பொது சுகாதாரத்துக்கு இது பெரிய வெற்றி. மாதிரி தந்த நாட்டின் கையிலோ பேரம் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.

இதைக் கண்டு சில நாடுகள் தரவையே பூட்டிவிடலாம் என்று நினைத்தன. அது தவறான இடத்தில் போடும் பூட்டு. ஒரு புதிய வரிசையைத் தரவுத்தளத்தில் தேடும்போது, கணினி அதைக் கோடிக்கணக்கான வரிசைகளோடு ஒப்பிடுகிறது. அவற்றில் எது விடைக்கு உதவியது, எது உதவவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. வரிசைக்கு வரிசை அனுமதியும் விலையும் வைத்தால் முதலில் முடங்குவது சிறு ஆய்வுக்கூடங்கள்தான். பெரிய நிறுவனங்கள் தாங்களே வரிசைப்படுத்தித் தனியே வைத்துக்கொள்ளும்.

இந்த வழிகாட்டி சொல்லும் வழி வேறு. தரவு திறந்தே இருக்கட்டும். எங்கிருந்து வந்தது என்ற விவரம் அதனோடு பிரியாமல் ஒட்டியிருக்கட்டும். மாதிரி தந்தவர்களோடு பகிர வேண்டிய பணத்தை, தரவை இறக்கும் இடத்தில் கேட்காமல், அதைக் கொண்டு சம்பாதிக்கும் இடத்தில் கேட்கலாம். மாதிரி சேகரிப்பவர், தரவை வெளியிடுபவர், அதைப் பயன்படுத்தும் நிறுவனம் என மூவருக்கும் இதில் வேலை உண்டு.

படி 1: எந்த உடன்படிக்கையின் கீழ் வருகிறது என்று முதலில் பாருங்கள்

இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண். ஒரே சோதனைக்குழாய் வேலைதான், ஆனால் மாதிரி எங்கிருந்து, எதற்காக எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து விதி மாறும்.

பொதுவான விதி 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் உடன்படிக்கையும், அதன் கீழ் 2010இல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும். நாட்டின் உயிரியல் வளத்தின் மீது அந்த நாட்டுக்கு இறையாண்மை உண்டு. எடுப்பதற்கு முன்கூட்டிய ஒப்புதலும், இருதரப்பும் ஏற்ற நிபந்தனைகளும் வேண்டும். இவை மாதிரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வரிசைத் தரவு இவற்றுக்குள் வருமா என்ற சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் கூடிய நாடுகள் இதற்குத் தனியாக ஒரு பலதரப்பு ஏற்பாடு வேண்டும் என்று முடிவெடுத்தன. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் அதற்கு உருவம் கொடுத்தார்கள். நிறுவனங்களின் பங்களிப்பைச் சேர்க்கும் காலி நிதி 2025 பிப்ரவரியில் ரோமில் தொடங்கப்பட்டது.

உணவுப் பயிர்கள் தனி. 2004இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபு வள ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பயிர்களின் விதை, ஒரே வடிவிலான மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தின்படி கைமாறும். அந்த விதையைச் சேர்த்து உருவாக்கிய பொருளை, மற்றவர் மேற்கொண்டு ஆய்வுக்கும் இனவிருத்திக்கும் பயன்படுத்த முடியாதபடி தடுத்து விற்றால், விற்பனையில் 1.1 சதவீதம், அதில் 30 சதவீதக் கழிவு போக 0.77 சதவீதம் கட்ட வேண்டும். இந்தக் கணக்கு விதைக்கானது. வரிசையை மட்டும் எடுத்து வேலை செய்தவரை இது தானாகப் பிடிக்காது.

பெருந்தொற்றாகும் திறனுள்ள இன்ஃப்ளூயன்சா வைரஸ்களுக்கு உலக சுகாதார அமைப்பின் 2011ஆம் ஆண்டு ஏற்பாடு உண்டு. 2007இல் இந்தோனேசியா ஹெச்5என்1 மாதிரிகளைத் தர மறுத்ததன் விளைவாகப் பிறந்தது அது. மற்ற பெருந்தொற்றுக் கிருமிகளுக்கு 2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று உடன்பாடு வருகிறது. கிருமியையும் அதன் வரிசைத் தகவலையும் பகிர்வதும், அதற்கு ஈடாகத் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகளைத் தருவதும் அதில் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. பெருந்தொற்றின்போது பங்கேற்கும் உற்பத்தியாளர்கள் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தைக் கிடைக்கச் செய்வது, மொத்த உற்பத்தியில் குறைந்தது 10 சதவீதத்தை நன்கொடையாகத் தருவது என்பது இலக்கு. விவரமான விதிகள் அதன் தனி இணைப்பில்தான் வரும்.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கு, 2023இல் ஏற்கப்பட்டு 2026 ஜனவரி 17 முதல் நடைமுறையில் உள்ள பெருங்கடல் ஒப்பந்தம். சேகரிக்கப் போவதற்கு 6 மாதம் முன்பே, அல்லது முடிந்தவரை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கிடைக்கும் தொகுதி அடையாள எண் மாதிரியோடும் வரிசையோடும் கடைசிவரை பயணிக்க வேண்டும்.

மனித மரபணுத் தரவு இவை எதிலும் சேராது. அது தனிநபர் ஒப்புதலும் அந்தரங்கமும் சார்ந்த வேறு உலகம். ஆனால் மனிதரிடமிருந்து எடுத்த சளி அல்லது மல மாதிரியில் கிருமியை வரிசைப்படுத்தினால் இரண்டு உலகமும் ஒரே கோப்பில் வந்துவிடும். வெளியிடும் முன் மனித வரிசைகளை வடிகட்டி நீக்கியாக வேண்டும்.

கடைசியாக, நாட்டின் சொந்தச் சட்டத்தையும் பாருங்கள். பிரேசிலின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் மரபுத் தகவலையும் தன் வரம்புக்குள் வைத்து, முடிவுப் பொருளின் நிகர வருமானத்தில் 1 சதவீதம் கேட்கிறது. இன்னொரு பக்கம், அமெரிக்கா பல்லுயிர் உடன்படிக்கையில் உறுப்பினரே இல்லை. இந்த ஓட்டையை எந்த வழிகாட்டியாலும் அடைக்க முடியாது.

படி 2: ஒப்பந்தத்தில் வரிசைக்கென்று தனிப் பத்தி எழுதுங்கள்

அதிகம் கோணலாவது இங்கேதான். வழக்கமான மாதிரி அனுமதியில் 'மாதிரியையும் அதிலிருந்து பெறப்படும் தகவலையும் மூன்றாம் தரப்புக்குத் தரக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். ஆராய்ச்சியாளர் கையெழுத்திடுவார். இரண்டு ஆண்டு கழித்துக் கட்டுரை எழுதும்போது, வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டால்தான் வெளியிடுவோம் என்று ஆய்விதழ் கேட்கும். போட்டால் ஒப்பந்த மீறல், போடாவிட்டால் கட்டுரை இல்லை.

'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற குறிப்போடு போட்டுவிடலாம்' என்பது பலர் தேடும் குறுக்குவழி. அது நடக்காது. அமெரிக்காவின் ஜென்பேங்க், ஐரோப்பாவின் இஎன்ஏ, ஜப்பானின் டிடிபிஜே ஆகிய மூன்று பொதுத் தரவுத்தளங்களும் சேர்ந்த சர்வதேசக் கூட்டமைப்பு, பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் எந்த வாசகத்தையும் பதிவுகளில் சேர்ப்பதில்லை. அது அவர்களின் நீண்டகாலக் கொள்கை. ஒன்றில் போட்ட தரவு மற்ற இரண்டுக்கும் நகலாகும்; பிறகு திரும்பக் கேட்டாலும், தேடலில் வராமல் மறைக்க முடியுமே தவிர ஏற்கெனவே இறக்கியவர்களிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆகவே மாதிரி எடுக்கும் முன்பே பேசி முடியுங்கள். இப்படி ஒரு பத்தி பெரும்பாலான சூழலுக்குப் பொருந்தும்:

'இம்மாதிரியிலிருந்து பெறப்படும் வரிசைத் தரவை, சேகரித்த நாடு, தேதி, அனுமதி எண் ஆகியவற்றோடு கட்டுப்பாடற்ற பொதுத் தரவுத்தளத்தில் பெறுநர் வெளியிடலாம். வெளியான பின் மூன்றாம் தரப்பினரின் பயன்பாட்டுக்குப் பெறுநர் பொறுப்பல்ல. பெறுநரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ இத்தரவைக் கொண்டு வணிகப் பொருள் உருவாக்கினால், பொருந்தும் பலதரப்பு நிதிக்குப் பங்களித்து, அதற்கான ஆண்டுச் சான்றின் நகலை வழங்குநருக்கு அனுப்ப வேண்டும். வெளியீட்டுக்கு முன் வழங்குநரின் ஆய்வாளர்களுக்கு ... மாதம் முதல் பகுப்பாய்வு உரிமை உண்டு.'

வாசகத்தை உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். புள்ளியிட்ட இடத்தில் சாதாரண ஆய்வுக்கு 6 முதல் 12 மாதம் நியாயம். பரவிக்கொண்டிருக்கும் நோய்க்கு அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும்; அதற்கு ஈடாக, வெளியாகும் முதல் கட்டுரையில் வழங்குநர் நாட்டு ஆய்வாளருக்கு இணை ஆசிரியர் இடம் உறுதி என்று எழுதிக்கொள்ளுங்கள். தரவுத்தளங்களில் வெளியீட்டுத் தேதியைத் தள்ளிவைக்கலாம். ஆனால் பதிவு எண் எங்காவது அச்சில் வந்துவிட்டால் அந்தத் தேதிக்கு முன்பே தரவைத் திறந்துவிடுவார்கள் என்பதை இருதரப்பும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்புதல் கிடைத்ததும் அதை நகோயா நெறிமுறையின் தகவல் மையத்தில் பதிவு செய்யும்படி அந்த நாட்டு அதிகாரியிடம் கேளுங்கள். பதிந்ததும் சர்வதேச இணக்கச் சான்றிதழும் அதற்கான தனி எண்ணும் வரும். இந்த எண்ணுக்கு அடுத்த படியில் வேலை இருக்கிறது.

படி 3: மூல விவரத்தைப் பதிவோடு ஒட்டுங்கள்

பலன் பகிர்வின் முழுப் பாரமும் பதிவுப் படிவத்தின் சில சிறிய களங்களின் (நிரப்பும் கட்டங்களின்) மேல் நிற்கிறது. பதிவேற்றும்போது அவற்றை நிரப்ப கால் மணி நேரம் ஆகாது. மூன்று ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது.

2023 முதல் அந்தக் கூட்டமைப்பு, புதிய மாதிரிப் பதிவுகளில் சேகரித்த இடத்தையும் தேதியையும் கட்டாயமாக்கியது. இடக் களத்தில் முதலில் நாடு, பிறகு முக்காற்புள்ளி, பிறகு மாநிலம், ஊர். தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், 2025-03-14 என்பதுபோல. நாள் தெரியாவிட்டால் மாதத்தோடு நிறுத்தலாம். ஊகித்து 01 என்று போடாதீர்கள். பின்னால் வருபவர் அதை உண்மையான தேதி என்றே எடுத்துக்கொள்வார்.

அடிக்கடி நடக்கும் பிழை, ஆய்வுக்கூடம் இருக்கும் நாட்டைச் சேகரித்த நாடாக எழுதுவது. நுண்ணுயிர்களை வளர்த்துச் சேமித்துத் தரும் வளர்ப்புச் சேகரத்திலிருந்து வாங்கிய பாக்டீரியாவுக்கு அந்தச் சேகரத்தின் முகவரியைப் போடுவதும் இதே ரகம். மூலம் உண்மையிலேயே தெரியாவிட்டால், விடுபட்டதற்கான காரணத்தைச் சொல்ல வரையறுத்த சொற்கள் இருக்கின்றன. செயற்கைக் கட்டமைப்பு, ஆய்வுக்கூட இருப்பு, அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பொருத்தமானதைத் தேர்ந்தெடுங்கள். 'தெரியாது' என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் மூடுவது சோம்பேறித்தனம் மட்டுமில்லை. பலன் எங்கே போக வேண்டும் என்ற கேள்வியையே அழித்துவிடுகிறது.

இன்னொரு நுணுக்கம். இடக் களம் சொல்வது சேகரித்த இடத்தை. சட்டப்படி வழங்கிய நாட்டை அது சொல்லாது. விதை வங்கியிலிருந்து வந்த பயிரில் இரண்டும் வேறாக இருக்கும். அதனால் மாதிரிப் பதிவில் கூடுதல் களம் ஒன்று சேர்த்து, அனுமதி எண் அல்லது இணக்கச் சான்றிதழ் எண்ணை எழுதுங்கள். சான்று மாதிரி எண், வளர்ப்புச் சேகர எண் ஆகியவற்றுக்குத் தனிக் களங்கள் உண்டு. அவற்றை விளக்கக் குறிப்புக்குள் புதைக்காதீர்கள், இயந்திரத்தால் தேட முடியாது. ஆழ்கடல் மாதிரியென்றால் தொகுதி அடையாள எண்ணும் இங்கேதான்.

அட்சரேகை, தீர்க்கரேகையில் எத்தனை தசம இடம் என்பதும் ஒரு முடிவு. நான்கு இடம் எழுதினால் சுமார் 11 மீட்டருக்குள் காட்டிக்கொடுக்கும். இரண்டு இடம் சுமார் 1 கிலோமீட்டர், ஒரு இடம் சுமார் 11 கிலோமீட்டர். கடத்தலுக்கு ஆளாகும் தாவரம், விலங்கு என்றால் ஒரு தசம இடத்தோடு நிறுத்துங்கள். நாடும் மாவட்டமும் இருந்தால் பலன் பகிர்வுக்குப் போதும். எந்தப் பாறை இடுக்கு என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மரபு அறிவு இதைவிட உணர்வுபூர்வமான விஷயம். 'இந்தச் சமூகத்தார் இந்த இலையைக் காய்ச்சலுக்குத் தருகிறார்கள்' என்ற ஒரு வரியை விளக்கக் களத்தில் எழுதிவிட்டால், வரிசையை விட மதிப்புள்ள தகவலை ஒப்புதலின்றி வெளியிட்டதாகும். தரவு நன்றாகத் தேடக் கிடைத்து மறுபயன்பாட்டுக்கு உதவ வேண்டும் என்கிற 2016ஆம் ஆண்டின் கொள்கைகளோடு, பழங்குடிகளின் கூட்டு நலனையும் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் வலியுறுத்தும் 2019ஆம் ஆண்டின் கொள்கைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். சமூகங்கள் தங்கள் நிபந்தனையைச் சொல்ல உயிர்ப்பண்பாட்டு முத்திரைகள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கான இணைப்பை மாதிரிப் பதிவில் சேர்க்கலாம். அவை தரவைப் பூட்டுவதில்லை, சட்டப்படி கட்டாயமும் இல்லை. ஆனால் இதற்கு உரியவர் இருக்கிறார் என்று பார்ப்பவருக்குச் சொல்லும்.

படி 4: தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலானவற்றுக்குச் சர்வதேசக் கூட்டமைப்பின் மூன்றில் ஏதாவது ஒன்று போதும். பதிவு செய்யாமலே யாரும் இறக்கலாம், நீண்டகாலம் நிலைக்கும், மற்ற தரவுத்தளங்கள் எல்லாம் இதிலிருந்துதான் ஊற்று எடுக்கின்றன.

2008இல் தொடங்கிய, கிருமி வரிசைகளைப் பகிரும் தளமான ஜிசெய்ட் வேறு வகை. பெயர் பதிந்து நிபந்தனையை ஏற்றவருக்கே தரவு. பயன்படுத்துபவர் தந்தவரைக் குறிப்பிட வேண்டும், கூட்டாகப் பணியாற்ற முயல வேண்டும், மற்றவருக்குக் கைமாற்றக் கூடாது. கொரோனா காலத்தில் பல நாடுகள் தயக்கமின்றித் தரவு தந்ததற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம். ஆனால் கைமாற்றத் தடையால் தரவை மற்ற ஆய்வுக் கருவிகளோடு இணைப்பது கடினமாகிறது. அணுகலைத் தருவதும் நிறுத்துவதும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருப்பதும் விமர்சிக்கப்பட்டது. அவசரக் காலத்தில் கிருமியின் ஒன்றுசேர்த்த வரிசையை அங்கே போட்டு, கருவி படித்த துண்டுகள் அடங்கிய மூல வாசிப்புக் கோப்புகளை இஎன்ஏவிலோ ஜென்பேங்கின் சகோதரத் தளத்திலோ போடுவது நடைமுறையில் நல்ல சமரசம்.

சொந்தமாக ஒரு தேசியத் தரவுத்தளம் கட்டி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைக்கும் யோசனை கவர்ச்சியாக இருக்கும். நகல் வெளியே போகாத தளம், நிதி நின்ற ஆண்டே செத்துவிடும்.

படி 5: பயன்படுத்தும் நிறுவனம் எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு பதிவிறக்கத்தையும் குறிக்கச் சொன்னால் யாரும் குறிக்க மாட்டார்கள். இரண்டாகப் பிரியுங்கள். தேடலுக்காக முழுத் தரவுத்தளத்தையும் இறக்கினால், பெயரும் வெளியீட்டு எண்ணும் தேதியும் போதும். ஒரு நொதி, தடுப்பூசி, ரகம் போன்றவற்றின் வடிவமைப்பில் நேரடியாகப் போன வரிசைகளுக்கு மட்டும், புள்ளிக்குப் பிறகு வரும் பதிப்பு எண்ணோடு முழுப் பதிவு எண்ணையும், அதில் உள்ள நாட்டையும் எழுதுங்கள். பதிப்பு எண்ணை விட்டால், பிற்பாடு திருத்தப்பட்ட வரிசையோடு உங்களுடையது ஒத்துப்போகாது.

'நாங்கள் ஜென்பேங்கைத் தொடுவதே இல்லை, புரதத் தரவுத்தளம்தான்' என்ற பதில் அடிக்கடி வரும். யூனிபுரோட்டில் உள்ள புரத வரிசைகளில் பெரும்பகுதி, அந்தக் கூட்டமைப்பின் வரிசைகளை மொழிபெயர்த்துப் பெறப்பட்டதே. அந்தப் புரதங்களில் பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியும் அதே ஊற்றில்தான் குடிக்கிறது. அங்கே எந்த வரிசை எதற்கு உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது. வரிசைவாரி விலையைக் கைவிட்டு மொத்த வருமானத்தின் மேல் பங்கு கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை. காலி தீர்மானத்தின் துறைப் பட்டியலில் மருந்து, அழகுசாதனம், சத்துணவுப் பொருள், பயிர் மற்றும் கால்நடை இனவிருத்தி, உயிர்தொழில்நுட்பம், வரிசைப்படுத்தும் கருவிகள் ஆகியவற்றோடு செயற்கை நுண்ணறிவுச் சேவைகளும் இடம்பெற்றது அதனால்தான்.

படி 6: பங்களிப்பைக் கணக்கிடுதல்

முதலில், காலி நிதிக்குப் பங்களிப்பவருக்கான வரம்பு. மொத்தச் சொத்து 2 கோடி டாலர், விற்பனை 5 கோடி டாலர், லாபம் 50 லட்சம் டாலர். முந்தைய மூன்று ஆண்டுச் சராசரியில் இந்த மூன்றில் இரண்டையாவது தாண்டிய நிறுவனத்திடம்தான் எதிர்பார்ப்பு. விகிதம், லாபத்தில் 1 சதவீதம் அல்லது வருமானத்தில் 0.1 சதவீதம். பொது ஆய்வு நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள், பொதுத் தரவுத்தளங்கள் ஆகியவற்றிடம் பணம் எதிர்பார்க்கப்படவில்லை.

சொத்து 3 கோடி, விற்பனை 8 கோடி, லாபம் 60 லட்சம் டாலர் உள்ள நிறுவனம் மூன்றையும் தாண்டுகிறது. லாபக் கணக்கில் 60,000 டாலர், வருமானக் கணக்கில் 80,000 டாலர். சொத்து 1.2 கோடி, விற்பனை 7 கோடி, லாபம் 20 லட்சம் என்றால் ஒன்றைத்தான் தாண்டியிருக்கிறது, ஆகவே கணக்குக்குள் வராது. சொத்து 10 கோடி, விற்பனை 40 கோடி, லாபம் 10 கோடி என்றால் லாபக் கணக்கில் 10 லட்சம், வருமானக் கணக்கில் 4 லட்சம்.

லாப விகிதம் 10 சதவீதமாக இருந்தால் இரண்டும் சமம். அதற்குக் கீழே லாபக் கணக்கும், மேலே வருமானக் கணக்கும் மலிவு. எந்த நிறுவனத்தின் கணக்காளரும் இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார். நிதியில் சேரும் தொகையை மதிப்பிடும் அரசு அதிகாரிகளும் மலிவான எண்ணையே வைத்துக் கணக்கிட வேண்டும். இரண்டில் பெரியதை வைத்துப் போட்ட கனவுகள் பலிக்காது.

இதைவிடப் பெரிய பலவீனம், தீர்மானத்தின் மொழி கட்டளையாக இல்லை என்பது. 'பங்களிப்பது முறை' என்ற அளவிலான எதிர்பார்ப்புதான் அது. விகிதமும் வழிகாட்டு விகிதமே. நாடுகள் தங்கள் சட்டத்தில் எழுதினால்தான் பல் முளைக்கும். நிறுவனத்துக்கு ஒரு ஊக்கமும் உண்டு. கட்டியவர் கேட்டால் அந்த ஆண்டுக்கான சான்றிதழ் கிடைக்கும். இந்த ஏற்பாட்டுக்கு உட்பட்ட வரிசைத் தரவுப் பயன்பாட்டுக்காக அவரிடம் மேலும் பணம் எதிர்பார்க்கப்படாது. பல நாடுகளோடு தனித்தனியாகப் பேசுவதோடு ஒப்பிட்டால் இது மலிவு. மாதிரியைக் கையில் வாங்கியபோது போட்ட ஒப்பந்தக் கடமையை இந்தச் சான்றிதழ் ரத்து செய்யாது என்பதை மட்டும் சட்டப் பிரிவுக்கு நினைவூட்டுங்கள்.

நிதியில் குறைந்தது பாதி, பழங்குடி மக்களும் உள்ளூர்ச் சமூகங்களும் தாங்களே சொல்லும் தேவைகளுக்குப் போக வேண்டும் என்பது தீர்மானம். நாடுகளுக்கிடையே பங்கிடும் சூத்திரத்தில், பல்லுயிர் வளத்தோடு தரவின் புவியியல் மூலமும் பேசப்படும் காரணிகளில் ஒன்று. படி 3இல் சொன்ன இடக் களத்தை வெறுமையாக விட்ட நாடு, அந்தப் பேச்சில் தன் பங்கை நிரூபிக்கத் திணறும்.

படி 7: பணமல்லாத பலன்

ஒப்பந்தங்களில் 'திறன் வளர்ப்பு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நடப்பது பெரும்பாலும் இரண்டு வாரப் பயிற்சியும் ஒரு கையடக்க வரிசைப்படுத்தும் கருவியும். கருவியில் அவ்வப்போது மாற்ற வேண்டிய, வரிசையைப் படிக்கும் பகுதியான ஓட்டச் செல்கள் சில மாதங்களில் காலாவதியாகும், குளிர்ச்சியில் வர வேண்டும், சுங்கத்தில் மாட்டினால் வீண். ஆறு மாதத்தில் கருவி அலமாரிக்குப் போய்விடும்.

எழுத வேண்டியவை குறிப்பாக இருக்கட்டும். எத்தனை ஆண்டுக்கு வேதிப்பொருள் வழங்கல், பழுதுபார்ப்பை யார் செய்வது, தரவைப் பகுப்பாய்வு செய்ய எந்தக் கணினி வளம், வழங்குநர் நாட்டிலேயே எத்தனை முழுநேரப் பகுப்பாய்வாளரின் சம்பளம், அது எத்தனை ஆண்டுக்கு. திறந்த தரவு எல்லோருக்கும் சமம் என்ற வாதம், இறக்கிப் பகுப்பாய்வு செய்ய ஆளும் கணினியும் உள்ள இடத்தில்தான் உண்மை. இந்த வரிகள் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வழங்குநர் அவசரப்பட வேண்டியதில்லை.

பிழை கண்டால்

பழைய பதிவுகளில் நாடு தவறாகவோ வெறுமையாகவோ இருந்தால், பதிவேற்றியவர் எப்போது வேண்டுமானாலும் திருத்தம் கேட்கலாம். மாதிரிப் பதிவின் விவரத்தை மாற்ற வரிசையை மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. வேறொருவர் பதிவில் பிழை கண்டால் தரவுத்தளத்தின் உதவிப் பிரிவுக்கு ஆதாரத்தோடு எழுதலாம். ஆனால் பதிவேற்றியவர் சம்மதமில்லாமல் பொதுவாக மாற்ற மாட்டார்கள். ஆய்வுக்குழு கலைந்து, மின்னஞ்சல் முகவரி செத்துப்போன பதிவுகள் அப்படியே உறைந்து நிற்பது இதனால்தான். பதிவேற்றும்போது தனிநபரின் முகவரியோடு நிறுவனத்தின் பொது முகவரியையும் கொடுங்கள். குழுவிலிருந்து யார் விலகினாலும், தரவுக் கணக்கின் கடவுச்சொல்லையும் அனுமதிக் கோப்புகளையும் அடுத்தவரிடம் ஒப்படைப்பதை விடைபெறும் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.